பள்ளிச் சர்வருக்கு லினக்ஸ்: எந்த வழியில் நிறுவுவது?

எங்கள் கணினி ஆய்வகத்தில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கணினி ஒன்றைச் சர்வராக மாற்ற நினைத்தேன். பாடக் காணொலிகளையும் பயிற்சித்தாள்களையும் அதில் போட்டுவிட்டால், இணையம் இல்லாத நாளிலும் மாணவர்கள் மற்ற கணினிகளில் திறந்து பார்க்கலாம். இயங்குதளமாக டெபியன் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். விலையில்லை, பழைய கணினியிலும் ஓடும். அதில் குழப்பமில்லை. நிறுவும் வழியில்தான் தவறினேன்.

டெபியன் தளத்தில் முதலில் கண்ணில் படுவது 'நெட்இன்ஸ்ட்' என்னும் சிறிய கோப்பு. ஒரு ஜிபிக்கும் குறைவு. அடிப்படைப் பகுதி மட்டும் அதில் இருக்கும். மீதியை நிறுவும்போதே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். கைப்பேசியைக் கணினியில் இணைத்து அதன் டேட்டாவை நம்பித் தொடங்கினேன். பாதியில் டேட்டா தீர்ந்தது. அதற்குள் வன்தட்டு அழிக்கப்பட்டிருந்தது. பல ஆண்டு வினாத்தாள்கள் அதில்தான் இருந்தன. நல்லவேளை, முந்தைய நாளே பென்டிரைவில் நகலெடுத்திருந்தேன். 'முழு வட்டையும் பயன்படுத்து' என்பதைத் தேர்ந்து உறுதிசெய்துவிட்டால், பழைய கோப்பு எதுவும் மிஞ்சாது.

அடுத்து டிவிடி வடிவக் கோப்பு. ஏறத்தாழ 4 ஜிபி. வீட்டில் இரவு முழுவதும் இறக்கி, பென்டிரைவில் எழுதிக் கொண்டுவந்தேன். டிவிடி டிரைவ் தேவையில்லை. இணையத்திலிருந்து கூடுதல் மென்பொருள் வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் 'வேண்டாம்' என்றேன். மென்பொருள் பட்டியலில் டெஸ்க்டாப் குறியை நீக்கி, வெப் சர்வர், எஸ்எஸ்எச் சர்வர் இரண்டை மட்டும் தேர்ந்தேன். குறைந்த நினைவகமுள்ள கணினிக்கு இது பெரிய உதவி. அன்று மதியமே எட்டாம் வகுப்பு மாணவர்கள் அறிவியல் காணொலியைத் திறந்துவிட்டார்கள்.

பென்டிரைவே இல்லாமல், வலைப்பின்னல் வழியாகக் கணினியைத் தொடங்கி நிறுவும் 'பிஎக்ஸ்இ' முறையும் உண்டு. இருபது கணினிகளில் ஒரே நேரத்தில் நிறுவ அது அருமையானது. ஆனால் அதற்கே தனியாக ஒரு சர்வரை முதலில் அமைக்க வேண்டும். ஒற்றைக் கணினிக்கு அது வீண் வேலை.

நிலையான பிராட்பேண்ட் உள்ள பள்ளி என்றால் நெட்இன்ஸ்ட்டையே பரிந்துரைப்பேன். புதுப்பிக்கப்பட்ட மென்பொருள்கள் நேராக வந்துவிடும். டிவிடி கோப்பில் அது உருவான நாள்வரையிலானவைதான் இருக்கும். ஆகவே இணையம் கிடைக்கும் முதல் நாளிலேயே பாதுகாப்புப் புதுப்பிப்புகளை இறக்க வேண்டும். அப்போது "வட்டைச் செருகு" என்று கணினி கேட்டால் திகைக்க வேண்டாம். மென்பொருள் மூலப் பட்டியலில் 'சிடிராம்' என்று குறிப்பிடும் நிறுவல் வட்டு வரியின் முன் ஒரு # குறியிட்டு, இணைய முகவரி வரியைச் சேர்த்துவிட்டால் போதும்.