மரை வெட்டும் கருவிகள்: சங்கங்கள் கவனித்து வாங்க வேண்டியவை

குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவரை விடுத்து, அதிக விலைக்குப் பொருள் வாங்கியது ஏன் என்று சங்கங்களைக் கேட்பது நமது கடமைகளில் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் பழுதுபார்க்கும் கூடத்தில் இக்கேள்வியை எழுப்பினோம். அங்கு மூன்று அளவுகளில் மட்டும் நல்ல டேப்பும் டையும் வாங்கியிருந்தார்கள். அத்தொகையில் பாதிக்கே நாற்பது உருப்படிகள் கொண்ட பெட்டி கிடைத்திருக்குமே என்பது நமது ஆட்சேபம். சங்கத்தார் நமது குறிப்பை மதித்து, அடுத்த முறை அப்பெட்டியையே வாங்கினர். மறு ஆண்டு நாம் சென்றபோது, அதிலிருந்த டேப் ஒன்று ஓர் உறுப்பினருடைய விசைத்தறியின் வார்ப்பிரும்புச் சட்டத்தினுள் முறிந்து தங்கியதையும், அதனால் அத்தறி ஒன்பது நாட்கள் ஓடாமல் நின்றதையும் கேட்டோம். அவ்வொன்பது நாட் கூலி எந்தத் தணிக்கைக் குறிப்பிலும் ஏறவில்லை. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

மரையின் வகை அறிதல்

துளையின் உட்புறம் மரை வெட்டுவது டேப். கம்பியின் மேற்புறம் வெட்டுவது டை. டேப்பிற்கு முன்னால் துளையிடுவது டிரில் பிட். வாங்கப் புறப்படுமுன், தம் உறுப்பினர்களிடம் உள்ள இயந்திரங்கள் எந்த மரையைச் சேர்ந்தவை என்று சங்கத்தார் கணக்கெடுத்தல் வேண்டும். நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. எனினும் அங்குல அளவில் செய்யப்பட்ட பழைய தறிகளும் நீரிறைக்கும் இயந்திரங்களும் இன்றும் உழைத்து வருகின்றன. அவற்றில் இருப்பது 1841இல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த மரை. அதன் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணமோ 60 பாகை.

பட்டறையில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பர். இரண்டரை நூல் மரையின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், அங்குலத்திற்கு 18 மரைகள். இதற்கு மிக அண்மையில் நிற்பது 8 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. அதன் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஒன்றன் போல்ட் மற்றதன் துளையில் ஓரிரு சுற்று ஏறி இறுகும். ஸ்பானரைப் போட்டு வலிந்து திருகினால் மரை அழியும். ஆகவே இரண்டு வகையும் தேவைப்படும் சங்கம், இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் பெயரெழுதி வைத்தல் நலம்.

உலோகத்தின் தரம்

சாதாரணக் கார்பன் எஃகு, வெப்பம் 200 டிகிரி சென்டிகிரேடைக் கடந்ததும் கடினம் இழக்கத் தொடங்கும். ஹைஸ்பீடு எஃகு சுமார் 600 டிகிரி வரை தாங்கும். விசையால் சுழலும் டிரில் பிட் விரைவில் சூடேறுவதால், அது ஹைஸ்பீடு எஃகாகவே இருத்தல் வேண்டும். பொன்னிற மேற்பூச்சைக் கண்டு மயங்கலாகாது. உள்ளே இருக்கும் எஃகு எதுவென்றே கேட்க வேண்டும். பழைய பிட் ஒன்றின் எஃகில் ஐயம் இருந்தால் சாணைக்கல்லில் தொட்டுப் பார்க்கலாம். கார்பன் எஃகு மத்தாப்பூப் போல வெண்மையாய்ச் சிதறும். ஹைஸ்பீடு எஃகின் பொறி குறைவாகவும் மங்கிய செந்நிறமாகவும் இருக்கும்.

நல்ல கருவியின் தண்டில் அளவும், மரையின் இடைவெளியும், எஃகின் வகையும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பிட்டைக் கண்ணாடித் தட்டின்மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். அதன் இரு வெட்டு விளிம்புகளும் சம நீளமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் துளை அளவுக்கு மீறிப் பெரிதாகும். சாதாரண வேலைக்கு 118 பாகை முனையே போதுமானது. கையால் வெட்டும் டேப், ஒவ்வோர் அளவிலும் முதல், இடை, முடிவு என மூன்றாக வாங்கத்தக்கது.

பயன்படுத்தும் முறை

நல்ல டேப்பும் தவறான துளையில் முறியும். மெட்ரிக் மரைக்கு, விட்டத்திலிருந்து இடைவெளியைக் கழித்தால் துளையின் அளவு கிடைக்கும். 10 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 இடைவெளியும் உள்ள மரைக்கு 8.5 மில்லிமீட்டர் துளை. 8 மில்லிமீட்டருக்கு 6.8. டேப்பை நேராக நிறுத்தி, அரைச் சுற்று முன்னே திருகி, கால் சுற்றுப் பின்னே திருப்பினால் சீவல் உடைந்து விழும். எஃகுக்கு எண்ணெய் இடுக. வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டுவதில்லை.

கொள்முதலில் செய்ய வேண்டுவது

குறைந்த விலைப்புள்ளியை ஏற்கும் விதி நல்ல விதியே. அது உறுப்பினர்களின் பணத்தைக் காக்கிறது. ஆனால் "டேப் செட் ஒன்று" என்று மட்டும் எழுதி விலை கேட்டால், மட்டமான சரக்கே முதலிடம் பெறும். எஃகின் வகை, மரையின் வகை, அளவு, பொறிப்பு, சரிபார்க்கும் முறை ஆகியவற்றை முன்கூட்டியே தீர்மானத்தில் எழுதி விலை கேட்கட்டும். அத்தகுதி உடையவற்றுள் குறைந்ததே உண்மையில் குறைந்த விலை. அங்ஙனம் எழுதப்பட்ட தீர்மானத்தின் மேல் நாம் இன்று ஆட்சேபம் எழுப்புவதில்லை. அன்று அந்தச் சங்கத்தாருக்கு நாம் சொல்லியிருக்க வேண்டியதும் இதுவே.