இறைப்பு இயந்திரத்தின் கஸ்கற்றை வீட்டில் மாற்றுதல்

வெங்காயத்துக்கு நாலு நாளைக்கு ஒருமுறையாவது தண்ணீர் கட்ட வேண்டும். ஐந்தாம் நாள் இயந்திரம் இயங்க மறுத்தால், கராஜ்காரர் வரும்வரை பயிர் காத்திருக்காது. இடம்பெயர்ந்த வேளையில் ஓரிடத்தில் விட்டுப்போன இயந்திரத்தைத் திரும்ப எடுத்தவர்களுக்கும், பழையதாக ஒன்றை வாங்கியவர்களுக்கும் அடிக்கடி வரும் நோய் ஹெட் கஸ்கற் கசிவு. பொறுமையுள்ள எவரும் இதனை முற்றத்திலேயே சரிசெய்யலாம்.

இயந்திரத்தின் தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவே கிடக்கும் மெல்லிய தகடே கஸ்கற். உள்ளே எரியும் வாயு வெளியேறாமல் தடுப்பது அதன் வேலை. அது எரிந்து வழிவிட்டால் கயிறு இழுக்கும்போது கை கனக்காது. 'புஸ்' என்ற சத்தம் வரும். இயந்திரம் ஓடினாலும் இழுவை இராது. ஆனால் இதே குறிகள் வால்வு பழுதானாலும் வரும். ஆகவே ஹெட்டைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் தடவி, கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பொருத்தில் குமிழி வந்தால் குற்றவாளி கஸ்கற்தான்.

பலர் உடனே செய்வது போல்ற்றை இன்னும் இறுக்குவது. "தம்பி, இன்னும் ஒரு சுற்றுப் போடு" என்று சொல்ல பக்கத்தில் ஒருவர் எப்போதும் நிற்பார். எரிந்த கஸ்கற் இறுக்கினால் அடைபடாது. அலுமினியத்தில் வெட்டிய புரிதான் கழன்று போகும். பிறகு செலவு இரட்டிப்பாகும்.

இயந்திரம் நன்றாக ஆறிய பின்னரே தொடங்குங்கள். சூட்டில் கழற்றினால் ஹெட் வளையக்கூடும். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். ஹெட் போல்ற்றுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று வீதம் தளர்த்துங்கள். கழற்றியவற்றை ஒரு சிரட்டையில் போட்டு வையுங்கள்; மணலில் விழுந்த போல்ற்றைத் தேடி மாலை முழுவதும் போக்க வேண்டியதில்லை. ஹெட் ஒட்டிக்கொண்டால் பலகைத் துண்டு வைத்து மெல்லத் தட்டுங்கள். திருப்புளியை இடுக்கி நெம்பக் கூடாது. அந்தக் கீறல் வழியே மறுபடியும் கசியும்.

பழைய மாதிரி இயந்திரங்களில் வால்வுகள் சிலிண்டர் பக்கத்திலேயே இருப்பதால் ஹெட் வெறும் மூடிதான். ஹொண்டா ஜிஎக்ஸ் 160 போன்றவற்றில் வால்வுகள் மேலே இருக்கின்றன. அவற்றில் தள்ளுகோல்களை அதே இடத்தில் திரும்ப வைத்து, வால்வு இடைவெளியையும் அளக்க வேண்டும்: உள்வரும் வால்வுக்கு 0.15 மில்லிமீற்றர், புகை வால்வுக்கு 0.20. அளவுத் தகடு இல்லாதவர்கள் இந்த வகையை அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.

பழைய கஸ்கற்றைச் சுரண்டுமுன் தண்ணீரால் நனையுங்கள். முந்திய காலக் கஸ்கற்றுகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடங்களின் பின் புற்றுநோய்கூட வரலாம். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். சிலிண்டருக்குள் தூள் விழாமல் பழந்துணி அடைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. ஹெட்டைத் தடித்த கண்ணாடித் துண்டின்மேல் கவிழ்த்து வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது வளைந்திருக்கிறது. கண்ணாடியின்மேல் எமரித் தாளை விரித்து, சிறிது எண்ணெய் விட்டு, எட்டு வடிவில் தேயுங்கள். முகம் முழுவதும் ஒரே நிறமாக வரும்வரை இது தொடர வேண்டும். வளைந்த ஹெட்டில் புதுக் கஸ்கற் போட்டால் சில வாரத்தில் அதுவும் எரியும்.

காபரேற்றருக்கும் எண்ணெய்ப் பெட்டி மூடிக்கும் தடித்த கஸ்கற் கடதாசியை வெட்டிப் போடலாம். ஹெட்டுக்கு அது தாங்காது. கடையில் அந்த மாதிரிக்கு உரியதையே வாங்குங்கள். செப்புத் தகட்டுக் கஸ்கற்றாக இருந்து அது கிழியாமலும் இருந்தால், சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் மென்மையாகும், மீண்டும் பாவிக்கலாம்.

பூட்டும்போது எல்லா போல்ற்றையும் முதலில் கையால் திருகி, பின் எதிரெதிராக மூன்று தடவையில் இறுக்குங்கள். 8 மில்லிமீற்றர் போல்ற்றுக்கு, அரை அடிச் சாவியின் நுனியில் ஏறக்குறைய 15 கிலோ பாரம் தூங்குகின்ற அளவு பலம் போதும். கால் மணி நேரம் ஓடவிட்டு, ஆறிய பின் ஒருமுறை சரிபாருங்கள்.

கஸ்கற் ஏன் எரிந்தது என்றும் பார்க்க வேண்டும். குளிர்த்தும் தகடுகளுக்கிடையே சேறும் வைக்கோலும் அடைத்திருந்தால் இயந்திரம் கொதிக்கும். மண்ணெண்ணெய்க்கென்று செய்யப்படாத இயந்திரத்தை அதில் ஓட்டினால் உள்ளே 'டக் டக்' என அடிக்கும். அந்த அடியும் கஸ்கற்றைத் தின்னும். 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வடக்கில் பெற்றோலைத் துளித் துளியாக விட்டு இயக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றியவர்கள் இதை நன்கு அறிவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். எண்ணெயை அடிக்கடி மாற்றுங்கள்.

புகைக்குழாயின் கஸ்கற்றையும் அதே நாளில் பாருங்கள். வளியமுக்கம் தண்ணீரை நடைமுறையில் ஏறக்குறைய 7 மீற்றருக்கு மேல் ஏற்றாது. அதனால் கோடையில் சிலர் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். கஸ்கற் புதிதானாலும் குழாய் நீளமானாலும், உள்ளே நிறையும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார். ஓடும் இயந்திரம் இருக்கும் கிணற்றில் எவரும் இறங்கக் கூடாது. நிறுத்திய உடனேயும் இறங்கக் கூடாது. தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டால், மேலிருந்தே இயங்கும் மின்சார நீர்மூழ்கிப் பம்பியை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.