விமானத் தாமத இழப்பீடு (ஐரோப்பிய ஒன்றியம்)

விமானம் ரத்தானாலோ நெடுநேரம் தாமதமானாலோ பயணிக்கு விமான நிறுவனம் தரவேண்டிய தொகையை ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் கொண்ட சட்டம் வரையறுக்கிறது. இது 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறையில் உள்ளது. தொகை தூரத்தைப் பொறுத்தது: 1,500 கி.மீ. வரை 250 யூரோ. ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கி.மீ.க்கு மேல் 600 யூரோ. மற்றவற்றுக்கு 400 யூரோ. மலிவுக் கட்டணத்தில் சென்றவருக்கும் இதே தொகைதான்.

சட்ட வாசகத்தில் தாமதத்துக்கு உணவு, தங்குமிடம் போன்ற உதவிகள் உண்டு, இழப்பீடு இல்லை. இதனால், ஒரு நாள் தாமதித்தாலும் "ரத்து செய்யவில்லையே" என்று நிறுவனங்கள் வாதிட முடிந்தது. 2009 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இந்த ஓட்டையை அடைத்தது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தவருக்கும் இழப்பீடு உண்டு என்றது. சேரும் நேரம் என்பது சக்கரம் தரையைத் தொடும் நேரமன்று, கதவு திறக்கும் நேரம் என்பது 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சில நிமிடங்களில் இழப்பீடே கைநழுவலாம் என்பதால் இது சிறிய செய்தியன்று.

கடும் வானிலை, அரசியல் கொந்தளிப்பு போன்ற அசாதாரணக் காரணங்களுக்கும், 14 நாள் முன்பே அறிவித்த ரத்துக்கும் இழப்பீடு கிடையாது. வழக்கமான இயந்திரக் கோளாறு அசாதாரணக் காரணம் ஆகாது.

சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஜெர்மானிய நிறுவன விமானத்தில் செல்பவருக்கு இச்சட்டம் பொருந்தும். இந்திய நிறுவன விமானமானால் பொருந்தாது. ஐரோப்பாவிலிருந்து புறப்படுகையில் எந்த நிறுவனமானாலும் பொருந்தும்.

முதலில் விமானத்தை இயக்கிய நிறுவனத்திடமே விமான எண், முன்பதிவு எண், சேர்ந்த நேரம் குறித்து எழுத வேண்டும். மறுத்தால் அந்நாட்டின் கண்காணிப்பு அமைப்பை அணுகலாம். பணத்துக்குப் பதில் பயணக் கூப்பன் தருவதற்குப் பயணியின் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும்.