அத்தைக்கு 'லோ' சுகர்... காபிக்கு 'லெஸ்' சுகர்!

அன்று ஆடிக் கிருத்திகை. என் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) எழுபது வயதிலும் முருகனுக்கு விரதம் இருப்பதை விடமாட்டார். காலையில் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு பூஜையில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு மணி இருக்கும். "என்னம்மா, கை நடுங்குது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. மீட்டரில் பார்த்தால் 52!

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? எப்போதும் இருநூறுக்கு மேலேயே நிற்கிற சுகர் இன்றைக்கு இவ்வளவு குறைந்திருக்கிறதே என்று சந்தோஷம்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆனால் அத்தை முகத்தைப் பார்த்தால் சரியாகப் படவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் சேச்சிக்குப் போன் போட்டேன். சேச்சி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

எங்கள் வடக்குத்து, நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய ஊர். 1956-ல் நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் வந்த பிறகு மலையாளம், தெலுங்கு, இந்தி பேசுகிறவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் குடிவந்தார்கள். தெருவில் இரண்டு பாஷைக்காரர்கள் பேச ஆரம்பித்தால் நடுவில் இங்கிலீஷ்தான் பாலம். அது ஆடுகிற பாலமாக இருந்தாலும் சரி!

நானும் என் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில், "சேச்சி, மை மதர்-இன்-லா, லெஸ் சுகர்!" என்றேன்.

"வெரி குட், வெரி குட்!" என்றார் சேச்சி.

நான் விழித்தேன். "நோ சேச்சி, லெஸ், வெரி லெஸ்!" என்று மறுபடியும் கத்தினேன். "யெஸ், குட் ஃபார் ஹர்" என்கிறார். அத்தை சர்க்கரையைக் குறைத்துக்கொண்டுவிட்டார் என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார்! கடைசியில் "மீட்டர்ல ஃபிஃப்டி டூ" என்று சொன்ன பிறகுதான், "அய்யோ, லோ! சுகர் லோ!" என்று அலறிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

ஒரு சின்ன வார்த்தையால் ஐந்து நிமிஷம் வீண். நாம் தமிழில் எல்லாவற்றுக்கும் 'குறைவு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். 'சம்பளம் குறைவு', 'சர்க்கரை குறைவாப் போடு' இரண்டுக்கும் அதேதான். இங்கிலீஷில் அப்படி இல்லை. 'லெஸ்' என்பது ஒன்றைவிட இன்னொன்று குறைவு என்பதற்கும், ஒரு பொருளைக் கொஞ்சமாகப் போடு, சாப்பிடு என்பதற்கும் வரும். காபிக்கு 'லெஸ் சுகர்' சரி. ஆனால் ஓர் அளவு, இருக்க வேண்டிய மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது என்றால் 'லோ'. அதனால் 'சாலரி இஸ் லெஸ்' தப்பு, 'தி சாலரி இஸ் லோ' சரி. தொட்டியில் தண்ணீர் லோ, வோல்டேஜ் லோ, பையனின் மார்க் லோ. ஆனால் பையனையே 'லோ' என்று சொல்லிவிடாதீர்கள்! 'மை சன் இஸ் லோ இன் மேத்ஸ்' இல்லை, 'வீக் இன் மேத்ஸ்'. ஆள் குள்ளம் என்றால் 'ஷார்ட்'. 'ஹி இஸ் ஃபீலிங் லோ' என்றால் மனசு சோர்ந்திருக்கிறான் என்று அர்த்தம்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது: "ஹர் பிளட் சுகர் இஸ் வெரி லோ. ஃபிஃப்டி டூ." எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் எந்தப் பாஷைக்காரருக்கும் சந்தேகமே வராது.

சேச்சி வந்ததும் வராததுமாக மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தார். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையா என்று நான் பதறினேன். சுகர் 70-க்குக் கீழே போனால் அதுதான் முதல் உதவியாம். கால் மணி கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். ஏறிய பிறகு இட்லியோ சாதமோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறிவிடும். உடனே 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அத்தைக்குக் கால் மணியில் 84 வந்தது. இட்லியும் சாப்பிட்டார், முருகனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

மீட்டரைப் பற்றி இன்னொன்று. அளவு ரொம்பக் கீழே, 20-க்கும் கீழே போய்விட்டால் பல மீட்டர்களில் எண்ணே வராது. எல், ஓ என்ற இரண்டு எழுத்துதான் வரும். 600-ஐத் தாண்டினால் எச், ஐ. எதிர்வீட்டு அம்மா ஒரு நாள், "மெஷின் எனக்கு ஹாய் சொல்லுது பாருங்க" என்று சிரித்துக்கொண்டே காட்டினார். அது 'ஹாய்' இல்லை, 'ஹை'! உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்.

பிள்ளைத்தாய்ச்சிகள் இந்த 'லோ'வைக் கேட்டுப் பயந்து சாவதையும் பார்க்கிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் 'லோ லையிங் பிளாசன்டா' என்று எழுதியிருந்தால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் கீழே, வாய்ப்பக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலும் அது மேலே போய்விடும். அடுத்த ஸ்கேனைத் தவறவிடாமல் இருந்தால் போதும். நடுவில் உதிரப்போக்கு கண்டால் மட்டும் காத்திருக்கவே கூடாது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் லோ. அதை 'எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்று விட்டுவிடாமல் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். 'லோ பர்த் வெயிட்' என்றால் குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்திருக்கிறது. அங்கேயும் லோ என்பது எடைதான், குழந்தை இல்லை!

எங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு லோவும் தெரியும். 2011 டிசம்பரில் தானே புயலுக்கு முன்னால் எங்கே பார்த்தாலும் 'லோ பிரஷர்' என்றுதான் பேச்சு. "யாருக்கு லோ பிரஷர்?" என்று கேட்டார் அத்தை. "கடலுக்கு" என்றார் என் வீட்டுக்காரர். 30-ஆம் தேதி காலை அது கரையேறியபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்த பிறகு, அந்தப் பேச்சை நினைத்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கிருத்திகைக்கு ஒரு வாரம் முன்பே அத்தையை டாக்டரிடம் அழைத்துப் போனோம். விரத நாளில் மாத்திரையை எப்படிப் போடுவது என்று எழுதிக் கொடுத்தார். நடுநடுவே பாலும் பழமும் சாப்பிட அத்தையும் சம்மதித்துவிட்டார். சேச்சி மட்டும் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வரும்போதெல்லாம், "எனிக்கு லெஸ் சுகர், லோ சுகர் இல்லா!" என்று என்னைக் கிண்டல் செய்கிறார்.