டி-சட்டைத் தொழில்: எழுத்தும் அச்சும் கணக்கும்

‘சிறுதொழில் செய்வதால் ஏற்படும் நன்மைகள்’ என்று தலைப்புக் கொடுத்தால், படிவம் 5 மாணவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். வருமானம் கூடும், தன்னம்பிக்கை வளரும், நாடு முன்னேறும். நடுவில் ஒரு குறள். கட்டுரை முடிந்தது. பிழை அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சரக்கும் இருக்காது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்பதை நாம் வகுப்பில் காட்டியதே இல்லை.

என் பழைய மாணவர் ஒருவர் ஈப்போவில் மேற்படிப்புப் படித்துக்கொண்டே, வார இறுதியில் வீட்டுப் பின்கட்டில் டி-சட்டை அச்சடித்து விற்கிறார். “முப்பது சட்டை அடிச்சேன் டீச்சர், அறுபது வெள்ளி லாபம்” என்றார் பெருமையாக. இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். போடப் போட அவர் முகம் மாறியது. அந்தக் கணக்கை மாணவர்களுக்குப் பயன்படும்படி இங்கே விளக்குகிறேன்.

1. இது எப்படிப்பட்ட தொழில்?

அச்சுக்கடை, வாடிக்கையாளர் கொடுக்கும் படத்தை அச்சடித்துத் தரும். ஆடைத் தொழிற்சாலை, ஆயிரக்கணக்கில் தைத்து அனுப்பும். சொந்த டி-சட்டை பிராண்டு இந்த இரண்டும் அல்ல. சொல்லும் படமும் நம்முடையவை. எண்ணிக்கை குறைவு, ஒரு தடவைக்கு இருபது, முப்பது சட்டைகள்தான். கையால் அச்சடித்து நம் பெயரிலேயே விற்கிறோம்.

அமெரிக்காவில் ஜானி ஏர்ல் என்பவர் 2001-இல் ‘ஜானி கப்கேக்ஸ்’ என்ற பெயரில் சட்டைகளைத் தம் காரின் பின்பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கினார். பிறகு சொந்தக் கடைகளைத் திறந்தார். குறைந்த எண்ணிக்கையில் அச்சடித்து, அந்தச் சட்டையைத் தம்மிடம் மட்டுமே வாங்க முடியும் என்ற நிலையை உருவாக்கியதே அவர் பலம்.

தமிழிலும் உதாரணம் உண்டு. 2020 செப்டம்பரில், இந்தித் திணிப்பை எதிர்க்கும் வாசகம் பொறித்த டி-சட்டைகளை இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் அணிந்த படம் இணையத்தில் பரவியது. அடுத்த சில நாள்களிலேயே திருப்பூரில் அதே சட்டைகளுக்கு ஆர்டர் குவிந்தது. மக்கள் வெறும் துணிக்காக வாங்கவில்லை, அதிலிருந்த சொல்லுக்காக வாங்கினார்கள்.

நம் பேராக்கில் அப்படிப்பட்ட சொற்களுக்கா பஞ்சம்? பெரட்டு, லயம், மங்கு, பால்வாளி, செக்ரோல். தோட்டங்கள் பல இன்று செம்பனைக்காடாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. ஆனாலும் தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் “எங்க தோட்டம்” என்று நிமிர்பவர்கள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பெயரை அழகான தமிழெழுத்தில் போட்டால் முப்பது சட்டைக்கு ஆள் கிடைப்பது கடினமல்ல.

2. அச்சடிக்கும் முறை

பொதுவாகக் கையாளும் முறை ஸ்கிரீன் பிரிண்டிங் எனப்படும் திரை அச்சு.

முதலில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். அடுத்து, வடிவத்தைக் கறுப்பு மையில் ஒளி ஊடுருவும் தாளில் எடுத்து, வலைமேல் வைத்து வெளிச்சம் காட்ட வேண்டும். ஒளிபட்ட இடம் இறுகும். கறுப்பு மறைத்த இடம் இறுகாது. தண்ணீர் பீய்ச்சினால் கரைந்துவிடும். எழுத்தின் வடிவில் வலை திறந்துகொள்ளும். பிறகு சட்டைமேல் சட்டத்தை வைத்து, ரப்பர் விளிம்புள்ள பட்டையால் மையை இழுத்தால் அச்சு விழும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் வேண்டும். அதனால்தான் தொடக்கத்தில் ஒரே நிறத்தில் செய்வது நல்லது.

கடைசி வேலை சூடேற்றுதல். பிளாஸ்டிசால் வகை மை ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் சூட்டில்தான் முழுமையாக இறுகும். அவசரப்பட்டு இதைச் சுருக்கினால் நாலைந்து துவையலில் எழுத்து வெடித்து உதிரும். வாங்கியவர் மறுபடி வரமாட்டார்.

3. தமிழெழுத்தில் கவனிக்க வேண்டியவை

இந்தப் பகுதியில் தமிழாசிரியருக்கு நேரடி வேலை இருக்கிறது.

ஒரு முறை தமிழ்மொழிக் கழகத்துக்குச் சட்டை அச்சடிக்கக் கொடுத்தோம். வந்த சட்டையில் ‘மொழி’ என்ற சொல்லில் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவர் கண்ணுக்கு அது சரியாகத்தான் இருந்தது. காரணம் கணினிதான். கொம்பு, காலை உயிர்மெய்க்கு முன்னும் பின்னும் சரியாக அடுக்கத் தெரியாத மென்பொருளில் திறந்தால் எழுத்து கலைந்துவிடும். நாம் பயன்படுத்திய எழுத்துரு அவர் கணினியில் இல்லாவிட்டாலும் வடிவம் மாறும். தட்டச்சு செய்த எழுத்தாக அனுப்பாமல், வடிவக் கோடுகளாக மாற்றி அனுப்பினால் இந்தச் சிக்கல் வராது.

அடுத்தது புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது. வெளிச்சம் கூடிப்போனால் புள்ளி இருக்கவேண்டிய இடமும் இறுகி அடைத்துக்கொள்ளும். மை அதிகமானால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘மண்’ என்று அடிக்க நினைத்தது ‘மண’ என்று வந்து நிற்கும். தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, முதலில் பழைய துணியில் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஒற்றுப்பிழையும் லகர ளகரப் பிழையும் இருந்தால் தாளில் சிவப்பு மையால் திருத்தலாம். துணியில் திருத்த முடியாது. ‘தமிழ்ப்பள்ளி’ என்பது ‘தமிழ் பல்லி’ ஆகிவிட்டால் முப்பது சட்டையும் தரை துடைக்கத்தான்.

4. விலை போடும் கணக்கு

மாணவரின் கணக்கு இதுதான். வெற்றுச் சட்டை ஒன்று 12 ரிங்கிட், முப்பதுக்கு 360. மை, பசை, தாள் 60. உறை 30. சந்தையில் இடத்துக்கும் போக்குவரத்துக்கும் 50. மொத்தம் 500 ரிங்கிட். இரண்டு சட்டை கெட்டுப்போனது. மீதி 28 சட்டையை ஆளுக்கு 20 ரிங்கிட்டுக்கு விற்றார். வரவு 560. ‘லாபம்’ 60.

“எத்தனை மணி நேரம் வேலை செஞ்ச?” என்று கேட்டேன். வடிவமைக்க 6, சட்டம் தயாரிக்க 3, அச்சடித்துச் சூடேற்ற 6, சந்தையில் விற்க 5. ஆக 20 மணி நேரம். அறுபதை இருபதால் வகுத்தால் மணிக்கு 3 ரிங்கிட்!

நம் நாட்டில் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். அந்த விகிதத்தில் 20 மணி நேரத்துக்கு 174 ரிங்கிட் 40 சென் ஆகிறது. செலவோடு சேர்த்தால் 674 ரிங்கிட் 40 சென். விற்கக்கூடிய 28 சட்டைக்கு வகுத்தால், ஒரு சட்டையின் உண்மை அடக்கவிலை ஏறத்தாழ 24 ரிங்கிட் 9 சென்.

அப்படியானால் 20 ரிங்கிட்டுக்கு விற்றது லாபம் அல்ல. தன் கூலியில் பெரும்பகுதியை வாங்குபவருக்குச் சும்மா கொடுத்திருக்கிறார். 25-க்கு விற்றால் கூலி போக மொத்தமே 25 ரிங்கிட் 60 சென் மிஞ்சும். 35-க்கு விற்றால் 305 ரிங்கிட் 60 சென் மிஞ்சும். அடுத்த தடவைக்கு முதலும், சட்டம், சூட்டுக்கருவி போன்றவற்றின் தேய்மானமும் அதிலிருந்துதான் வரவேண்டும்.

“கூலியை எனக்கு நானே போடுறதா டீச்சர்?” என்று தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்குப் புதிதல்ல. நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தார்கள். கிராணி எழுதியதுதான் கணக்கு. ரப்பர் விலையை யாரோ எங்கேயோ முடிவு செய்தார்கள். தன் உழைப்புக்குத் தானே விலை சொல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த நிலையை மாற்ற முயன்றவர்களும் நம் மாநிலத்திலிருந்தே வந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். உழைப்பவரே உடைமையாளராகும் வழி அது. இன்று தனக்கென ஒரு பிராண்டு வைத்திருக்கும் பிள்ளை, கூலியாளும் முதலாளியும் தானே என்பதை மறந்துவிடக்கூடாது. முதலாளியாக இருந்துகொண்டு தன்னையே ஏமாற்றக்கூடாது.

5. சட்டப்படி செய்ய வேண்டியவை

1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். பதிபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட்.

பிராண்டுப் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளாமல் இருக்க, 2019-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்கீழ் பதியலாம். ஆடைகள் 25-ஆம் வகுப்பில் வரும். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். நடிகர் படம், சினிமாப் பாட்டு வரி ஆகியவற்றை அனுமதியின்றி அச்சடிப்பது பதிப்புரிமைச் சிக்கலைக் கொண்டுவரும்.

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அரசு ஊழியர்களுக்கான 1993-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் நாம் வெளித்தொழில் செய்ய முடியாது. மாணவர்களுக்கு வழிகாட்டலாம். பிழைதிருத்தி உதவலாம்.

6. வகுப்பில் பயன்படுத்த

- முதல், செலவு, கூலி, இலாபம் ஆகிய நான்கு சொற்களையும் மேற்கண்ட கணக்கைக் கொண்டு வேறுபடுத்தி எழுதுக.
- அச்சடிக்கும் முறையை ‘முதலில், அடுத்து, பிறகு, இறுதியாக’ என்ற இணைப்புச் சொற்களோடு ஒரு பத்தியில் விளக்குக.
- உங்கள் குடும்பத்தார் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும் அங்கே வழங்கிய ஒரு சொல்லையும் கேட்டு வந்து, டி-சட்டைக்கு ஒரு வாசகம் எழுதுக. ஒற்றுப் பிழை இருக்கக்கூடாது.

மூன்றாவது பயிற்சிக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். பிள்ளைகள் பாட்டியிடம் போய்க் கேட்க வேண்டுமல்லவா?