தொலைபேசிச் சந்தாவும் நம் உரிமையும்

லண்டன் மாநகரில் ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களில், மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துபோகும் தொகைகளுள், தொலைபேசிக்கும் இணையத்துக்கும் உரிய தொகையைப் போல யாரும் திரும்பிப் பாராத தொகை வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. கடையில் காய்கறி விலை சிறிது ஏறினாலும் அடுத்த கடையைத் தேடி நடக்கிற சிக்கனக்காரர்கள்கூட, ஒப்பந்தக் காலம் முடிந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னரும், நேற்று வந்து சேர்ந்த வாடிக்கைக்காரர் கொடுப்பதைவிட அதிகமான கட்டணத்தை அதே நிறுவனத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கு அலட்சியம் காரணம் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. அச்சமே முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தமக்கையும் சென்னையில் இருக்கும் மைத்துனரும் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் போய்விடுமோ, இணையம் நின்று பிள்ளைகளின் படிப்புக் கெடுமோ, முன்பின் தெரியாத அதிகாரியோடு ஆங்கிலத்தில் வாதாட நேருமோ என்னும் அச்சங்களுக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. இன்று சட்டம் அவற்றுள் பெரும்பகுதியை நீக்கிவிட்டது என்ற செய்திதான் நம் வீடுகளுக்கு இன்னும் சரிவரப் போய்ச் சேரவில்லை.

2018ஆம் ஆண்டு செப்டம்பரில், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்னும் பொதுநல ஸ்தாபனம், ஒரே நிறுவனத்தில் நெடுங்காலம் நிலைத்திருப்பவர்கள் அந்த விசுவாசத்துக்காகவே அதிக விலை கொடுக்க நேர்கிறது என்று, சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரசாங்க ஆணையத்திடம் ஒரு விசேஷப் புகாரைச் சமர்ப்பித்தது. கைத்தொலைபேசி, இணையம், வீட்டுக் காப்பீடு, வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு ஆகிய ஐந்து துறைகளிலும் சேர்த்து ஆண்டொன்றுக்கு 410 கோடிப் பவுண்டு இவ்விதம் மக்களிடமிருந்து கூடுதலாகப் போகிறது என்பது அந்த ஸ்தாபனத்தின் கணக்கு. தகவல் தொடர்புத் துறைக்கு உரிய கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம், 2020 பிப்ரவரி முதல் ஒரு கடமையை நிறுவனங்கள்மேல் சுமத்தியது. ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாட்களுக்கு முன்பாக, அது முடியும் தேதியையும், அதன் பிறகு கட்டணம் எவ்வளவு ஆகும் என்பதையும், புதிதாக வருகிறவர்களுக்கு அதே நிறுவனம் என்ன விலை சொல்கிறது என்பதையும் அவை வாடிக்கைக்காரருக்குத் தாமாகவே தெரிவிக்க வேண்டும். இந்த அறிவிப்பு பெரும்பாலும் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வருவதால், விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறவர்களே அதிகம். அதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, முதலில் பழைய நிறுவனத்தையே அழைத்துப் பேசிப் பார்ப்பது விவேகம். விட்டுப் போகும் சுதந்திரம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்து பேசுகிறவருக்குப் பெரும்பாலும் விலை குறைகிறது. அவ்விதம் குறைந்தால் அங்கேயே இருந்துவிடுவதிலும் தவறில்லை.

ஒப்பந்தக் காலத்தின் நடுவில் விலகுகிறவர்களின் நிலை வேறு. மீதியுள்ள மாதங்களுக்கு நிறுவனம் விலகல் கட்டணம் கேட்கலாம். புதிய இடத்தில் கிடைக்கும் லாபத்தை அது முழுவதுமாக விழுங்கிவிடவும் கூடும். ஆகையால் எதையும் தீர்மானிப்பதற்கு முன், ஐ, என், எஃப், ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களை 85075 என்ற எண்ணுக்கு உங்கள் கைத்தொலைபேசியிலிருந்தே குறுஞ்செய்தியாக அனுப்பிப் பாருங்கள். விலகினால் என்ன கட்ட வேண்டியிருக்கும் என்ற விவரம் பதிலாக வந்துவிடும். இதற்குக் கட்டணமும் இல்லை, யாரோடும் பேச வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை.

எண்ணை உடன் கொண்டுபோகும் உரிமை பிரிட்டனில் கைத்தொலைபேசிக்கு 1999ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இந்தியா முழுவதற்கும் அது 2011 ஜனவரியில்தான் வந்தது. ஆனால் இங்கே அந்த உரிமையைப் பிரயோகிக்க விரும்பியவர், 2019 வரையில் பழைய நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்து, "ஏன் போகிறீர்கள்?" என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லி, மன்றாடித்தான் அனுமதிக் குறியீட்டைப் பெற வேண்டியிருந்தது. 2019 ஜூலை 1ஆம் தேதி முதல் அந்த நிலை மாறிவிட்டது. பி, ஏ, சி என்ற மூன்று எழுத்துக்களை 65075 என்ற எண்ணுக்கு அனுப்பினால், உடனடியாகவே குறியீடு வந்து சேரும். 30 நாட்கள் அது செல்லுபடியாகும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் ஒரு வேலை நாளுக்குள் எண் அங்கே மாறிவிடும். பழைய சந்தாவும் தானாகவே முடிந்துவிடும். மாறிய தேதிக்குப் பிறகு அறிவிப்புக் காலம் என்ற பெயரில் பணம் வசூலிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. எண் வேண்டாம், விலகினால் போதும் என்பவர் எஸ், டி, ஏ, சி என்று 75075க்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. அதைவிட முக்கியமாக, புதிய நிறுவனத்தில் சேர்வதற்கு முன் பழைய சந்தாவை நீங்களாகவே ரத்து செய்துவிடக் கூடாது, அப்படிச் செய்தால் எண்ணை இழக்கும் அபாயம் உண்டு. முன்பணம் கட்டிப் பேசுகிறவர்கள், மீதியிருக்கும் தொகையைச் செலவழித்த பிறகு மாறுவது நல்லது. 2021 டிசம்பருக்குப் பின் நிறுவனங்கள் பூட்டிய கைத்தொலைபேசிகளை விற்க அனுமதியில்லை. அதற்கு முன் வாங்கிய சாதனமானால் பூட்டைத் திறந்து தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எந்த நிறுவனத்துக்கு மாறுவது என்னும் கேள்வியில், பெயர்களின் பெருக்கத்தைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. 2025 மே இறுதியில் வோடபோனும் த்ரீயும் ஒன்றாய் இணைந்த பிறகு, சொந்தக் கோபுரங்களை உடையவை ஈ.ஈ., ஓ2, வோடபோன்-த்ரீ என்ற மூன்று பெரிய நிறுவனங்களே. மற்றவை எல்லாம் அவற்றின் கோபுரங்களை வாடகைக்கு எடுத்து நடத்தப்படுபவை. தாயகத்துக்கு மலிவாகப் பேச வேண்டும் என்ற நம் மக்களின் தேவையையே அஸ்திவாரமாகக் கொண்டு ஈழத் தமிழர்கள் தொடங்கிய லெபாராவும் லைக்காமொபைலும் இந்த வகையைச் சேர்ந்தவையே. விலை குறைந்த பெயருக்கு மாறுவதால் கோபுரமும் மட்டமாகிவிடும் என்று எண்ணுவது ஆதாரமற்றது. செய்ய வேண்டியது வேறு: லண்டனின் பழைய செங்கல் வீடுகளுக்குள் ஒரு கோபுரத்தின் அலை வரவேற்பறையில் கிடைத்துச் சமையலறையில் மறைந்துபோவது சாதாரணமாகையால், நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், ஒரு மாத சிம் ஒன்றை வாங்கித் தொலைபேசியின் இரண்டாவது இடத்தில் போட்டு, வீட்டிலும் வேலை ஸ்தலத்திலும் சோதித்துப் பார்க்க வேண்டும். தொலைபேசி மூலமோ இணையத்திலோ செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமையும் உண்டு. பாரிஸுக்கும் ஜெர்மனிக்கும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போய்வருகிறவர்கள், பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பல நிறுவனங்கள் அங்கே உபயோகிப்பதற்குத் தனிக் கட்டணம் விதிக்கின்றன என்பதையும், சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்ததன்று என்பதையும் மறவாமல் விசாரிக்க வேண்டும்.

வீட்டு இணைய விஷயத்தில் சீர்திருத்தம் தாமதமாகவே வந்தது. ஓப்பன்ரீச்சின் கம்பியிலிருந்து விர்ஜின் மீடியாவின் கேபிளுக்கோ, கம்யூனிட்டி ஃபைபர், ஹைப்பராப்டிக் போன்றவற்றின் ஒளியிழைக்கோ மாற நினைத்தவர் இரண்டு நிறுவனங்களோடும் தனித்தனியே பேசித் தேதிகளைத் தாமே பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. சில தடவைகள் ஒத்திவைக்கப்பட்ட பின்னர், 2024 செப்டம்பர் 12ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய ஏற்பாட்டின்படி, நீங்கள் புதிய நிறுவனத்தோடு மட்டும் பேசினால் போதும். விலகல் கட்டணம் முதலிய விவரங்களைப் பழைய நிறுவனம் தானாகவே உங்களுக்கு அனுப்பும். சம்மதித்தால் மற்றவற்றைப் புதிய நிறுவனமே கவனித்துக்கொள்ளும். பழைய நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை வங்கிக்கும் மருத்துவருக்கும் கொடுத்திருப்பவர்கள், அது நின்றுபோகலாம் என்பதால், முன்கூட்டியே வேறு முகவரிக்கு மாறிவிடுவது உத்தமம்.

ஒப்பந்தத்தின் நடுவில் கட்டணம் ஏறுவதைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பணவீக்க விகிதத்தோடு 3.9 சதவீதத்தைக் கூட்டி ஆண்டுதோறும் ஏற்றலாம் என்ற ஷரத்து பல ஒப்பந்தங்களில் இருந்ததால், 2023ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பி.டி.யின் வாடிக்கைக்காரர்கள் பலருக்கு ஒரே தடவையில் 14.4 சதவீதம் ஏறியது. யாராலும் முன்கூட்டிக் கணிக்க முடியாத விலையில் மக்களைக் கையெழுத்திடச் செய்தது அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2025 ஜனவரி 17 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில், ஏற்றம் எவ்வளவு, எப்போது என்பதைப் பவுண்டிலும் பென்ஸிலும் தெளிவாகக் குறிப்பிட்டாக வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் ஓ2 நிறுவனம், மாதத்துக்கு 1.80 பவுண்டு என்று முன்பு சொல்லியிருந்த வருடாந்திர ஏற்றத்தை 2.50 பவுண்டாக உயர்த்தியபோது, வாடிக்கைக்காரர்களுக்கு அபராதமின்றி விலக 30 நாட்கள் அவகாசம் கிடைத்தது. ஒப்பந்தத்தில் இல்லாத ஏற்றம் வந்தால் இந்த உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் 30 நாட்கள் சீக்கிரம் கழிந்துவிடும்.

முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளைப் பற்றி நான் மிகவும் கவலைப்படுகிறேன். செப்புக் கம்பியில் இயங்கும் பழைய தொலைபேசி அமைப்பு 2027 ஜனவரி இறுதியில் நாடெங்கும் நிறுத்தப்பட இருக்கிறது. அதன் பிறகு வீட்டுத் தொலைபேசி இணையப் பெட்டியின் வழியாகவே இயங்கும். இணைய நிறுவனத்தை மாற்றுகிறவர்களுக்கு இந்த மாற்றம் அப்போதே வந்துவிடுவது வழக்கம். செப்புக் கம்பி தன் மின்சாரத்தைத் தானே கொண்டுவந்தது. புதிய பெட்டியோ மின்சாரம் நின்றால் ஊமையாகிவிடும். ஆகவே அம்மாவோ அப்பாவோ கழுத்தில் அபாயப் பொத்தானை அணிந்திருந்தால், அது புதிய இணைப்பில் வேலை செய்யுமா என்று பொத்தான் கொடுத்த ஸ்தாபனத்திடமும் தொலைபேசி நிறுவனத்திடமும் கேட்டறியாமல் எதையும் மாற்றக் கூடாது. வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர உதவியை அழைக்க வழிசெய்து கொடுப்பது நிறுவனங்களின் கடமை. அது கேட்டால்தான் கிடைக்கிறது. வீட்டு எண்ணும் உடன்வர வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இந்த சௌகரியங்களை மோசக்காரர்களும் அறிவார்கள். உங்கள் நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, கட்டணத்தில் பெரும் தள்ளுபடி தருவதாக ஆசை காட்டி, "இப்போது வந்த குறியீட்டைப் படியுங்கள்" என்று கேட்பவரிடம் அதைச் சொல்லிவிட்டால், எண் அவர் கைக்குப் போய்விடலாம். எண்ணோடு சேர்ந்து, இங்குள்ள வங்கியும் ஊரில் உள்ள வங்கியும் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொற்களும் போய்விடும். நீங்கள் கேளாமலே மாற்றக் குறியீடு வந்தாலும், காரணமின்றித் தொலைபேசி அலை இழந்தாலும், வேறொரு தொலைபேசியிலிருந்து நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழையுங்கள். சந்தேகத்துக்குரிய குறுஞ்செய்திகளை 7726க்கு அனுப்பலாம்.

தவறு நேர்ந்தால் பரிகாரமும் இருக்கிறது. 2019 ஏப்ரலில் தொடங்கிய தன்னியக்க நஷ்டஈட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனங்கள், பழுதான வீட்டு இணைப்பை இரண்டு முழு வேலை நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 8 பவுண்டும், குறித்த நாளில் பொறியாளர் வராவிட்டால் 25 பவுண்டும், இணைப்பு தாமதமானால் நாளொன்றுக்கு 5 பவுண்டும் கேளாமலே கொடுக்க ஒப்புக்கொண்டன. பணவீக்கத்துக்கேற்ப இத்தொகைகள் அதன் பின் உயர்ந்திருக்கின்றன. புகாரை எப்போதும் எழுத்தில் கொடுத்துத் தேதியைக் குறித்து வையுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் (2026 ஏப்ரலிலிருந்து ஆறு வாரம்), கம்யூனிகேஷன்ஸ் ஆம்புட்ஸ்மன், சிசாஸ் என்ற இரண்டு நடுவர் அமைப்புகளுள் உங்கள் நிறுவனம் சேர்ந்திருப்பதிடம் செலவில்லாமல் முறையிடலாம். அதன் தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் கட்டுப்பட்டே ஆக வேண்டும். ஆஃப்காம் தனிப்பட்டவர்களின் வழக்கைத் தீர்த்து வைப்பதில்லை.

யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற உதவித்தொகை பெறுகிறவர்களுக்குப் பல நிறுவனங்கள் சமூகக் கட்டணம் என்னும் குறைந்த விலை இணைப்பைத் தருகின்றன. தகுதியிருந்தும் கேளாமல் இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. அதைப் பெறுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் இந்த வாரம் தங்கள் பெற்றோரின் பில்லை எடுத்து, ஒப்பந்தம் முடியும் தேதியையும் சமூகக் கட்டணத்துக்குத் தகுதி உண்டா என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.