தன் பெயர் வேண்டாம் என்ற தலைவர்!

கம்பெனிக்குத் தலைவர் ஆனால், வாசலில் தன் பெயரை எழுதிப் பார்க்க ஆசை வரும். மார்வின் பௌவர் அப்படிச் செய்யவில்லை!

இவர் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் 1903-ம் ஆண்டு பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டமும் வணிக நிர்வாகமும் படித்தார். வக்கீல் ஆனார்.

ஊழியருக்குத் தெரியும்

அப்போது அமெரிக்காவில் பெரிய வியாபார மந்தம். கம்பெனிகள் வரிசையாக நொடித்தன. கடன் கொடுத்தவர்கள் குழுக்கள் அமைத்தனர். அந்தக் குழுக்களுக்கு பௌவர் செயலாளராக இருந்தார்.

கம்பெனி ஊழியர்களுடன் பேசினார். ஓர் உண்மை தெரிந்தது. தவறு எங்கே என்பது கீழே வேலை செய்தவர்களுக்கு முன்பே தெரியும்! மேலே இருந்தவரிடம் சொல்லத்தான் அவர்களுக்குத் துணிவு இல்லை. அவரும் கேட்கவில்லை.

யோசனை சொல்லும் தொழில்

1933-ல், ஜேம்ஸ் மெக்கின்சி என்பவரின் கம்பெனியில் பௌவர் சேர்ந்தார். அது சரக்கு விற்கும் கம்பெனி அல்ல. மற்றக் கம்பெனிகளுக்கு யோசனை சொல்லிக் கட்டணம் வாங்கும் கம்பெனி.

1937-ல் மெக்கின்சி இறந்தார். பிறகு கம்பெனி இரண்டாகப் பிரிந்தது. நியூயார்க் அலுவலகத்தை பௌவரும் கூட்டாளிகளும் எடுத்துக்கொண்டனர். ஆனாலும், இறந்தவரின் பெயரையே வைத்துக்கொண்டனர்.

ஏன்? தன் பெயர் வாசலில் இருந்தால், வருகிறவர்கள் எல்லோரும் தன்னையே கேட்பார்கள் என்று பௌவர் நினைத்தார்.

1950-ல் அவர் தலைவர் ஆனார். 1967 வரை அந்தப் பதவியில் இருந்தார். "வாடிக்கையாளரின் நலன் முதலில், நம் லாபம் பிறகு" என்பது அவர் கொள்கை. மேலதிகாரி சொல்வது தவறு என்று தோன்றினால், இளைஞரும் எடுத்துச் சொல்ல வேண்டும். அது உரிமை மட்டும் அல்ல, கடமை! பழைய பாடத்தை அவர் மறக்கவில்லை.

பங்குகளை விற்றார்

1963-ல் அவருக்கு வயது 60. தன் பங்குகளைக் கம்பெனிக்கே விற்றார். அதிக விலை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை! கணக்குப் புத்தகத்தில் இருந்த விலையே போதும் என்றார். பின்னால் வரும் இளைஞர்கள் மீது கடன் சுமை ஏறவில்லை.

2003-ல், 99-வது வயதில் பௌவர் காலமானார்.

பின்னாளில் அந்தக் கம்பெனிக்குக் கெட்ட பெயரும் வந்தது. போதை தரும் வலி மாத்திரைகளின் விற்பனையைப் பெருக்க யோசனை சொன்னதாக வழக்கு. 2021-ல், அமெரிக்க மாநிலங்களுக்கு 57 கோடி டாலருக்கு மேல் கொடுக்க இசைந்தது.

நல்ல தலைவர் விதி வகுத்தால் மட்டும் போதாது. பின்னால் வருகிறவர்களும் அதைக் காக்க வேண்டும்!